டப்பாவுக்கு மூடி வாங்கினயா, அப்புனு?

பலே பேராண்டி, மெச்சினேன். பனியன் கம்பெனியில மெர்ச்சண்டைசர் வேலை, பல்லடம் ரோட்டுல வாடகை ஊடு, கையில சம்பளம். பொண்ணு ஒண்ணு அமைஞ்சாப் போதும்னு உங்கம்மா சோசியக்காரன் ஊட்டுத் திண்ணையைத் தேச்சுக்கிட்டிருக்கற நேரத்துல, நீ ஊட்டுக்குக் கூட்டியாந்திருக்கறது 14 காலு மருமவளை. அதும் ஒருத்தி ரெண்டு பேரா? ஆசாரத்துல ஒரு டப்பா, அட்டாலி மேல ரெண்டு டப்பா, கட்டலுக்கு அடியில கரப்பான் டப்பா. உங்கம்மா ஃபேன் காத்துல பொரண்டு பொரண்டு படுக்கறா, பூச்சி ஏசியில தூங்குது. தாராளமா வளத்து கண்ணு. குறுக்க நிக்கறதுக்கு நான் ஆரு? வயசான கட்டை, நாலு பழமை பேசிட்டுப் போறேன். கேக்கோணும்னு இல்ல, காதுல போட்டு வெச்சுக்கோ.

இந்த ஐசோபாடு இருக்குதே, அதைப் பூச்சின்னு சொன்னா அதுக்கே கோவம் வரும். எறாலு, நண்டு சாதி அது. எந்தக் காலத்துலயோ கடலை உட்டுக் கரையேறிருச்சு, ஆனா கடல் புத்தி போகல. வவுத்துக்கு அடியில இருக்கற செவுள் நனைஞ்சிருந்தாத்தான் அதுக்கு மூச்சு. காஞ்சா செத்துப்போவும். சேறாக் கெடந்தாலும் செத்துப்போவும். டப்பாவுல ஒரு ஓரத்தை மட்டும் நனைச்சு, மறு ஓரத்தைக் காய உட்டு, வேணுங்கற பக்கம் போயிக்கோன்னு அது இஷ்டத்துக்கு உட்டுறோணும். அமாவாசைக்குக் கறி எடுக்காத ஊட்டுல எறாலோட பங்காளிய ஏசி போட்டு வளர்க்கறே. உங்க அம்முச்சிக்கு இன்னும் இந்த ஒறவுமுறை தெரியாது, நானும் சொல்லல.

அதோட நடவடிக்கைய உக்காந்து பாத்தா பொழுது போறதே தெரியாதுங்கறது வாஸ்தவந்தான். தோலு உரிக்கறதைக்கூட ஒரே மூச்சுல உரிக்காது. மொதல்ல பின்பாதி, கொஞ்ச நாள் கழிச்சு முன்பாதி. பின்னாடி புதுச் சொக்காயும் முன்னாடி பழசுமாத் திரியும். உரிச்சதைச் சுண்ணாம்புச் சத்துக்காவத் தின்னு தீத்துரும். மாசாமாசம் நீ வாங்கிக் குமிக்கற டீ-சர்ட்டு என் ஞாவகத்துக்கு வந்துச்சு, வேற ஒண்ணுமில்ல. தண்ணிய வாயாலயும் குடிக்கும், பின்பக்கத்தாலயும் உறிஞ்சும். மூத்திரமே பேயாது, அம்மோனியாவா ஆவியில உட்டுரும். பொட்டை, முட்டையை வவுத்துப் பையிலயே வெச்சுக் காப்பாத்திக் குஞ்சா எறக்கும். எறங்கறப்ப குஞ்சுக்கு 12 காலு. அப்பறம் தோலு உரிக்கறப்பத்தான் மிச்சம் ரெண்டு மொளைக்கும்.

இன்னொரு சேதி இருக்குது. உருண்டையாச் சுருட்டிக்கற அர்மடில்லிடியம் வகையில வொல்பாக்கியான்னு ஒரு பாக்டீரியா பூந்துட்டா, ஆணாப் பொறக்க வேண்டியதையெல்லாம் பொட்டையா மாத்திப்போடும். இந்தக் கொங்குச் சீமையில முப்பத்தஞ்சு வயசாயியும் பொண்ணு அமையாமத் தரகன் பின்னால நடந்து செருப்பைத் தேச்ச பசங்க எத்தனை பேரு! பூச்சித் தொட்டியில மட்டும் பொட்டைக்குப் பஞ்சமில்ல. கெரகம், அதைப் பாத்துத்தான் மனசை ஆத்திக்கறயா?

சரி, காசுப் பழமைக்கு வருவோம். தாய்லாந்துச் சுண்ணாம்புக்கல் சீமையில இருந்து கெளம்பின ஒண்ணு, மஞ்ச மூஞ்சியோட வாத்துப் பொம்மையாட்ட இருக்குதுன்னு 'ரப்பர் டக்கி'ன்னு பேரு வெச்சு, உலகம் பூரா ஏலம் போடாத கொறையா வித்தாங்க. அது உனக்கு எட்டல. அதனால 'பவுடர் புளூ'ன்னு ஒண்ணைக் கூரியர்ல வரவழைச்சு, பாக்கெட்டைப் பிரிக்கறதையே வீடியோ எடுத்தியாமா. கண்ணு, அந்தப் பவுடர் புளூ எந்தச் சாதின்னு விசாரிச்சயா? சாணிக்குப்பை, எருக்குழி, மக்கின தழைன்னு உலகம் பூராப் பரவிக் கெடக்கற இனம் அது. நம்ம தோட்டத்துச் சாளைக்குப் பின்னால இருக்கற குப்பைமேட்டுல ஒரு கூடை எருவைப் பொரட்டினா, அதோட ஒறம்பரை அத்தனையும் வெளிய ஓடி வரும். மம்பட்டி புடிக்க மாட்டேன்னு மெட்ராஸ்காரன்கிட்டக் காசு குடுத்துக் குப்பைப்பூச்சி வாங்கற மொத ஆளு நம்ம வம்சத்துல நீதான். பெருமையா இருக்குது.

அதுக்கு மெத்தை போடறதுக்குத் தனியா ஒரு மூட்டை வாங்கினயே, மேல இங்கிலீசுல எழுதியிருந்துச்சே, அது என்ன? தென்னை நார்க்கழிவு. பொள்ளாச்சியிலயும் காங்கயத்துலயும் நார் மில்லுக்காரங்க கட்டியா அமுக்கிக் கப்பல்ல ஏத்தற சரக்கு. அமெரிக்காக்காரன் பாம்புக்கும் தேளுக்கும் பூச்சிக்கும் அதைத்தான் பரப்பறான். நம்ம ஊரு மில்லு வாசல்ல மலையாட்டக் குமிஞ்சு கெடந்து, மழைக்குக் கருப்பாத் தண்ணி வடியுதுன்னு பக்கத்துத் தோட்டத்துக்காரன் சண்டைக்குப் போற சாமான், பாக்கெட்டுக்குள்ள போனதும் உனக்குப் பவுனாயிருச்சு. ஆனா ஒண்ணு: அது மெத்தைதானே ஒழிய சோறு இல்ல. நாரு ஈரம் புடிக்கும், வவுத்தை நெப்பாது. திங்கறதுக்குக் காஞ்ச எலை வேணும். நாட்டு வாதுமை எலை, வாழைச் சருகு, மக்கின மரக்கட்டை, கொஞ்சம் முட்டை ஓடோ கணவாய் ஓடோ. இவ்வளவுதான் பண்ணையம்.

எலை பொறுக்கறது எங்கன்னு மட்டும் பாத்துக்கோ. நொய்யக் கரையில பொறுக்காத. இந்தச் சாதி, தாமிரம், துத்தநாகம், காட்மியம்னு மண்ணுல இருக்கற உலோகத்தையெல்லாம் தின்னு ஒடம்புக்குள்ளயே சேத்து வெச்சுக்கும். அதனாலதான் ஒரு எடத்து மண்ணு எவ்வளவு கெட்டிருக்குதுன்னு பாக்கறதுக்கு இதைப் புடிச்சுப் பரிசோதிக்கறாங்க. பாசனத்துக்குன்னு 1992ல கட்டின ஒரத்துப்பாளையம் அணையில சாயத்தண்ணி தேங்கி நின்னதும், 2011ல ஐகோர்ட்டு சாயப்பட்டறைகளை மூடச் சொன்னதும் உனக்கு யாரும் சொல்லித்தர வேண்டியதில்ல. கட்டிங் வேஸ்ட்டும் பஞ்சுதானேன்னு சாயம் போட்ட துணியைத் தொட்டிக்குள்ள போடற ரோசனையும் வேண்டாம். உன்னோட மூளை அந்தப் பக்கம்தான் ஓடும்னு தெரிஞ்சுதான் சொல்றேன்.

கரப்பானுக்கு வருவோம். அரோவனா மீன் வளர்த்தா ஆர்டர் கொட்டும்னு ஒருத்தன் சொல்ல, ஊரே கண்ணாடித் தொட்டி வாங்குச்சு. அந்த மீனுக்குத் தீனியா டூபியாக் கரப்பான் வளர்த்து விக்கலாம்னு நீ கணக்குப் போட்டிருக்கறே. கெட்டிக்காரன்! தெனமும் ராத்திரி சமையக்கட்டுல உங்கம்மா வெளக்குமாத்தோட தொரத்தற சாதிய, நீ பக்கத்து ரூம்ல கேரட்டு நறுக்கிப் போட்டு உபசாரம் பண்றே. தென்னமெரிக்காச் சரக்கு அது. வழுவழுன்னு இருக்கற சுவத்துல ஏறத் தெரியாது, நாத்தம் கம்மி, முட்டைக்கூட்டை வவுத்துக்குள்ளயே வெச்சு ஒரு ஈத்துக்கு 20, 30 குஞ்சு போடும். நாமக்கல்லு முட்டை அட்டையை நட்டமா அடுக்கி வெச்சா அதான் அதுக்கு மாடி ஊடு. குளுருற தேசத்துக்காரன் அடியில ஹீட்டர் வெச்சு 30 டிகிரி கொண்டாறான். நமக்குச் சித்திரை மாசம் அந்தச் செலவே இல்ல.

அங்கதான் வில்லங்கம். ஹீட்டர் வெச்சு வளர்க்கறவன் ஊட்டுல தப்பிப்போன பூச்சி, பனியில செத்துப்போவும். நம்ம ஊருல தப்பிப்போனா பூமியே அதுக்கு ஹீட்டர். நம்மளாட்டச் சூடும் ஈரமும் இருக்கற புளோரிடாவுல இந்த டூபியாவை விக்கக் கூடாதுன்னே வெச்சிருக்கறாங்க. கிறுக்கு புடிச்சு வெக்கல. இன்னொண்ணு, அதோட பீத்தூளும் உரிச்ச தோலும் மூக்குல ஏறினா இளைப்பு இருக்கறவனுக்கு ஆவாது. ஏற்கெனவே பஞ்சுத்தூசிய முழுங்கிட்டுத்தான் நாம ராத்திரி ஊட்டுக்கு வாறோம். டப்பா கழுவறப்ப மூக்கைக் கட்டிக்கோ. ஓவர்லாக் ஓட்டற பொம்பளைங்களுக்கு மாஸ்க் மாட்டச் சொல்லி ஆடிட்டுக்கு முந்தின நாள் மட்டும் கத்தறயே, அதே மாஸ்க்குதான்.

இத்தனையும் பெரிய வித்தைன்னு நெனச்சுக்கிட்டிருக்கறே பாரு, அதைப் பாத்தாத்தான் எனக்குச் சிரிப்பு. திருப்பூர் ஜில்லாவுலயே, பஸ் ஏறினா ரெண்டு மணி நேரத்துல, ஊடு ஊடாப் பட்டுப்புழு வளர்த்துப் புள்ளைய இன்ஜினீயரிங் படிக்க வெச்ச சனம் இருக்குது. உடுமலைப் பக்கம் போ. வெளியில பாத்தா மல்பெரிக் காடு. நடுவுல ஜன்னல் பூரா வலை அடிச்ச ஒரு நீட்டுக் கட்டடம், அதான் புழு மனை. உள்ள போகோணும்னா வாசல்ல இருக்கற மருந்துத் தண்ணியில காலை நனைச்சுட்டுத்தான் போகோணும், மந்திரியா இருந்தாலும் சரி. உன்னோட பிரெண்டுங்க சிக்கன் சாப்பிட்ட கையோட உன் டப்பாவைக் கெளர்றாங்களே, அந்தக் கூத்தெல்லாம் அங்க நடக்காது.

100 முட்டைத்தொகுதி வாங்கினா ஏறக்கொறைய 50,000 புழு. பொரிச்ச ஒடனே அதைத் தூக்கி விவசாயி கையில குடுத்துற மாட்டாங்க. மொத ரெண்டு பருவத்தை இளம்புழு வளர்ப்பு மையத்துலயே பக்குவமா வளர்த்து, ரெண்டு தோலு உரிச்சதுக்கு அப்பறம்தான் தருவாங்க. அங்கிருந்து கூடு கட்டற வரைக்கும் ரெண்டு, ரெண்டரை வாரம். அந்தக் கொஞ்ச நாள்ல அந்த ஊட்டுல கலியாணமும் கெடையாது, கருமாதியும் கெடையாது. விடியால மல்பெரித் தண்டை அறுத்துப் போடோணும், மத்தியானம் போடோணும், ராத்திரி போடோணும். புழு தோலு உரிக்கத் தலையைத் தூக்கிக்கிட்டுச் செலையா நின்னுச்சுன்னா அப்ப தீனி போடக் கூடாது. சுண்ணாம்பைத் தூவி எலையைக் காய உடோணும். கடைசிப் பருவம் ஒரு வாரம் இருக்குது பாரு, மொத்தத் தீனியில முக்காலுக்கு மேல அந்த ஒரே வாரத்துலதான் திங்கும். மனைக்கு வெளிய நின்னாலே ஓட்டு மேல மழை பேயற சத்தம். குடும்பமே காட்டுக்கும் மனைக்குமா வேகு வேகுன்னு ஓடும். அப்பறம் புழு பழுத்து, ஒடம்பு கண்ணாடியாட்டம் ஆனதும் நெட்ரிகாங்கற கூடு கட்டற தட்டியை விரிச்சு மேல போட்டா, ஏறிக் கூடு கட்ட ஆரம்பிச்சுரும். ஒரு கூட்டுல ஆயிரம் மீட்டர் அளவுக்கு ஒரே நூலு. நூல் ரேட்டு ஏறுச்சு எறங்குச்சுன்னு கத்தற ஊருல, கூலி கேக்காம நூக்கற ஆளு அது ஒண்ணுதான்.

இத்தனை பண்ணியும் பால்புழு நோய் வந்தா ஒரு ராத்திரியில மனை பூரா நாறிரும். பக்கத்துத் தோட்டத்துக்காரன் அடிச்ச மருந்து காத்துல வந்து மல்பெரி மேல படிஞ்சாப் போச்சு. மனைக்குள்ள கொசுவத்தி கொளுத்தினாலே போச்சு. ஊசி ஈன்னு ஒண்ணு இருக்குது; புழு மேல முட்டை வெச்சுரும், பொரிச்ச புழு உள்ள தொளைச்சுக்கிட்டுப் போயித் தின்னுரும். அது இந்தத் தெக்கத்திச் சீமைக்காரனே இல்ல. 1980ல வங்காளத்துல இருந்து விதைக்கூட்டோட ஒட்டிக்கிட்டுக் கர்நாடகத்துக்கு வந்து எறங்கி, அங்கிருந்து இங்கயும் வந்துச்சு. அதை அடக்கறதுக்கு நெசோலின்க்ஸ்னு ஒரு சின்னக் குளவியை வளர்த்துப் பை பையா மனையில தொங்க உடறாங்க. புழுவைக் காப்பாத்த ஈயைக் கொல்லோணும், ஈயைக் கொல்லக் குளவியை வளர்க்கோணும். கால்சட்டை போட்ட விவசாயி மூணு பூச்சியோட சாதகத்தையும் மனப்பாடமாச் சொல்லுவான். நீ வாங்கினதோட பேரையே போன்ல பாத்துத்தான் சொல்றே.

புழுவைக் கும்புட்டு வளர்த்து, கூட்டை அவிச்சுப்போடறாங்களே, அது பாவமில்லையான்னு நீ கேப்பே. பாவந்தான். நீ அரோவனாத் தொட்டியில உசுரோட கரப்பானைப் போடறப்ப அந்தப் பாவ புண்ணியத்தைப் பத்தி ரெண்டு பேருமாப் பேசிக்கலாம்.

வெளியூருப் பூச்சின்னா இந்தச் சீமைக்கு என்ன பயம்னு ஒரு கதை சொல்றேன், இது உனக்கு நெனவு தெரிஞ்ச காலத்துக் கதைதான். 2008ல கோயமுத்தூருப் பக்கம் பப்பாளி மரத்துல வெள்ளை வெள்ளையா மாவு அப்பினாப்பல ஒரு பூச்சியைக் கண்டுபுடிச்சாங்க. மெக்சிகோப் பக்கத்துப் பப்பாளி மாவுப்பூச்சி. கூப்புட்டது ஆரு, கூட்டியாந்தது ஆரு, ஒண்ணும் தெரியாது. பப்பாளி போச்சு, குச்சிக்கிழங்கு போச்சு, செம்பருத்தி போச்சு, மல்பெரியும் போச்சு. மத்த வெள்ளாமைன்னா மருந்தடிக்கலாம். மல்பெரிக்கு மருந்தடிச்சா அதைத் திங்கற புழு செத்துப்போவும். அடிக்காம உட்டா எலையே இருக்காது. உடுமலையில புழு வளர்த்தவன் மல்பெரியை வேரோட புடுங்கிட்டுத் தென்னம்புள்ள வெச்சதை நான் கண்ணால பாத்தேன்.

அதுக்கு வைத்தியமும் பூச்சிதான். 2010ல பெங்களூருல இருக்கற மத்திய அரசுப் பூச்சி ஆராய்ச்சி நிலையத்துக்காரங்க போர்ட்டோ ரீக்கோ தீவுல இருந்து அசிரோபேகஸ்னு ஒரு ஒட்டுண்ணிக் குளவியை வரவழைச்சாங்க. கடுகுல பாதி இருக்காது. அது மாவுப்பூச்சிக்குள்ள முட்டை வெக்கும், குஞ்சு உள்ளிருந்தே தின்னு முடிக்கும். ஆனா கூரியர் பாக்கெட்டைப் பிரிச்ச ஒடனே தோட்டத்துல உட்டுறல. தனிமைக் கூடத்துல அடைச்சு வெச்சு, பட்டுப்புழுவைத் தொடுதா, தேனீயைத் தொடுதா, இந்த ஊருல நல்லது பண்ற மத்த பூச்சிய ஏதாச்சும் பண்ணுதான்னு பாத்து, அதுக்கப்பறம்தான் கோயமுத்தூரு வேளாண்மைப் பல்கலைக்கழகத்துக்காரங்க பெருக்கித் தோட்டம் தோட்டமாக் கொண்டுபோயி உட்டாங்க. சில மாசத்துல மாவுப்பூச்சி அடங்கிப்போச்சு. மல்பெரி மறுபடியும் தழைஞ்சுச்சு. வெளிநாட்டுப் பூச்சியைக் கொண்டாரக் கூடாதுன்னு நான் சொல்லல பாரு. எப்படிக் கொண்டாரணும்னு சொல்றேன். உசுரோட பூச்சியை நாட்டுக்குள்ள எறக்கோணும்னா 2003ல போட்ட பயிர்த்தொற்று ஆணைப்படி மத்திய அரசோட அனுமதிச் சீட்டு வேணும். உனக்கு வித்தவன் அந்தச் சீட்டைக் காட்டினானா? சாக்ஸுக்குள்ள டப்பாவை வெச்சு ஏர்போர்ட்டுல எறங்கினவனா இருக்கப் போறான்.

பழைய கதை ஒண்ணும் இருக்குது. சாயக்கார ஊருக்குப் பொருத்தமானது. சீமைச் செவப்புச் சாயம் எதுல எடுத்தாங்கன்னு தெரியுமா? மெக்சிகோவுல சப்பாத்திக்கள்ளி மேல அப்பியிருக்கற காக்சினீல்ங்கற பூச்சியில. அதை ஸ்பெயின்காரன் பொத்திப் பொத்தி வெச்சிருந்தான். நம்மகிட்ட அது இருந்தா என்னன்னு கும்பினிக்காரனுக்கு நப்பாசை. மதராசுல ஜேம்ஸ் ஆண்டர்சன்னு ஒரு கும்பினி வைத்தியர், பூச்சி வர்றதுக்கு முன்னாலயே அதுக்குக் கள்ளித் தோட்டம் போட்டுட்டுக் காத்துக்கிட்டிருந்தார். மாப்பிள்ளை கெடைக்கறதுக்கு முன்னாலயே மண்டபம் புடிச்ச மனுசன். 1795ல நீல்சன்னு ஒரு கேப்டன் பிரேசில்ல இருந்து பூச்சியைக் கொண்டாந்து கல்கத்தாவுல எறக்கினான். எறங்கினது தப்பான பூச்சி! சாயம் தர்ற ஒசந்த சாதி இல்ல, அதோட காட்டுப் பங்காளி. சாயம் ஒண்ணும் தேறல. கள்ளியை மட்டும் மொட்டையடிச்சுப் போட்டுச்சு.

கும்பினிக்காரனுக்கு நட்டம், ஆனா அதுக்குள்ள வேலி தாண்டி மேச்சல் நெலத்தையெல்லாம் மூடிக்கிட்டிருந்த ஒரு வகைக் கள்ளியை ஒழிக்க அதே பூச்சி ஒதவுச்சு. 1836லயும் அதுக்கடுத்த ரெண்டு வருசத்துலயும் தெக்க கொண்டாந்து உட்டாங்க. மிச்சமிருந்த இன்னொரு கள்ளியை அது தொடவே மாட்டேன்னுருச்சு. அதுக்குன்னு 1926ல இலங்கையில இருந்து வேற ஒரு பூச்சி வந்துச்சு. எங்கப்பாரு காலத்துல தொண்டுபட்டியைச் சுத்திச் சப்பாத்திக்கள்ளி ஆளு ஒசரம் நிக்குமாம். நான் பொறக்கறப்ப அங்கங்க ஒரு பொதருதான். பூச்சி பண்ணின வேலை அது. ஒரு தடவை நல்லதாப் போச்சுங்கறதுக்காவ அடுத்த தடவையும் அப்படியே போவும்னு எவனும் பத்திரத்துல எழுதித் தர மாட்டான்.

நாமளும் வெளிய ஒண்ணு அனுப்பியிருக்கறோம், அதையும் சொல்லிர்றேன். பழனி மலைத்தொடர்ல கோடைக்கானலுக்குப் பக்கத்துல செண்பகனூருன்னு ஒரு ஊரு. அங்கிருந்து போன குச்சிப்பூச்சிக்கு 1901ல சினெட்டின்னு ஒருத்தர் பேரு வெச்சார். உள்ளங்கை நீளம், குச்சியோட குச்சியா நிக்கும், தொட்டா செத்தாப்பல விழும். ஆண் துணையே இல்லாமப் பொட்டை தன்னால முட்டை போட்டுக்கிட்டே இருக்கும், அதும் மூடி வெச்ச விதையாட்ட முட்டை. போடறதுன்னா சும்மா நின்ன எடத்துலயே கீழ உதுத்து உட்டுரும். இதைவிட லேசா எதை வளர்க்க முடியும்? ஐரோப்பாவுல நூறு வருசத்துக்கு மேலா இஸ்கூலுப் புள்ளைங்க பாட்டிலுக்குள்ள வெச்சு வளர்க்கறது நம்ம செண்பகனூர்க்காரியத்தான். வெள்ளைக்காரப் புள்ளைங்க கையில எங்கூரு அழகின்னு நானும் ஒரு காலத்துல பீத்திக்கிட்டிருந்தேன். டப்பா கழுவறப்ப முட்டையைக் குப்பையில கொட்டினாங்க. இப்ப கலிபோர்னியாவுலயும் தென்னாப்பிரிக்காவுலயும் அது தோட்டத்துல திரியுது. அந்த ஊர்க்காரன் நம்மளைத் திட்டிக்கிட்டுத்தான் இருப்பான்.

பூச்சி வளர்க்கறதே உங்க தலைமுறைதான் கண்டுபுடிச்சுச்சுன்னு மட்டும் நெனச்சுக்காத. மழைக்காலத்துல வேல மரத்துல பொன்வண்டு புடிச்சுத் தீப்பெட்டியில வேல எலையோட அடைச்சு, இஸ்கூலுக்கு எடுத்துக்கிட்டுப் போயி, வாத்தியார்கிட்ட அடி வாங்காத பையன் எங்க காலத்துல கெடையாது. அது முட்டை போடும், நாங்க பொரிக்கும் பொரிக்கும்னு பாப்போம், பொரிக்காது. அதோட புழு மண்ணுக்குள்ள வேரைத் தின்னு வளர்ற சாதின்னு வெவரம் அப்பறந்தான் தெரிஞ்சுச்சு. அந்தப் பச்சை ரெக்கையை மஸ்லின் துணியில வெச்சுத் தெச்சு, மதராசுல இருந்து சீமைக்கு ஒரு காலத்துல அனுப்பிக்கிட்டிருந்தாங்க. எக்ஸ்போர்ட்டும் பூச்சியும் நம்ம பக்கத்துக்குப் புதுசா என்ன?

அடுத்து டாரன்டுலாச் சிலந்தி வாங்கப்போறதா உன்னோட தங்கச்சி சொன்னா. மரத்துல குடியிருக்கற நம்ம நாட்டுப் புலிச்சிலந்திங்களை, ஆந்திராவுல கூட்டி ஊருப் பேரு வெச்ச அந்த நீலச் சிலந்தியையும் சேத்து, 2019ல சர்வதேச வியாபாரக் கட்டுப்பாட்டுப் பட்டியல்ல போட்டுட்டாங்க. நம்ம வனவிலங்குச் சட்டத்தை 2022ல திருத்தி, அந்தப் பட்டியல்ல இருக்கற உசுரு ஊட்டுல இருந்தாப் பதிஞ்சாகோணும்னு ஆக்கிட்டாங்க. 2024 பிப்ரவரியில அதுக்கு விதியும் வந்துருச்சு. காட்டுல புடிச்சதா இருந்தா விக்கறவனும் மாட்டுவான், வாங்கறவனும் மாட்டுவான். பாரஸ்டுக்காரன் ஊட்டுக்கு வந்தா உனக்குப் பொண்ணு பாக்க வந்திருக்கறாங்கன்னு நெனச்சு உங்கம்மா காபி போட்டுருவா, பாத்துக்கோ.

இவ்வளவு பேசியும் நீ உடப்போறதில்ல, எனக்குத் தெரியாதா. அப்படின்னா ஒழுங்கா வளத்து. டப்பாவுக்குக் காத்துப் போறதுக்கு ஓட்டை போடறியே, அந்த ஓட்டைக்கு எஃகு வலை ஒட்டு. பிளாஸ்டிக் வலையைக் கரப்பான் கடிச்சுத் தின்னுரும். ஒரு ஸ்பூன் எடுத்து ஒரு டப்பாவுக்கு மட்டும் வெச்சுக்கோ, எல்லாத்துலயும் உட்டுக் கலக்காத. நாலு வகை வாங்கறதுக்குப் பதிலா ஒண்ணை வெச்சு, அது குட்டி போட்டு, அந்தக் குட்டி குட்டி போடற வரைக்கும் இருந்து பாரு. அதுக்குள்ள சலிச்சுப்போச்சுன்னா நீ வளர்க்கறவன் இல்ல, வாங்கறவன்.

சலிச்சுப்போனா என்ன பண்றதுன்னும் சொல்லிர்றேன், ஏன்னா சலிக்கும். பாவம் பாத்துப் பொடக்காளியில கொட்டிராத. நொய்யல்ல உட்டுராத. நஞ்சராயன் கொளத்துல குருவிக்குத் தீனியாவும்னு தருமம் பண்ணிராத. அது ராம்சார் பட்டியல்ல இருக்கற கொளம். வளர்க்கத் தெரிஞ்சவன் கையில குடு. ஆரும் வாங்கலீன்னா மூடியை இறுக்கி ஐஸ்பெட்டியில ரெண்டு நாள் வெச்சு முடிச்சுரு. மண்ணு, எலை, முட்டை அட்டைன்னு எல்லாத்தையும் சேத்து வெய்யி, முட்டை அதுக்குள்ளதான் ஒளிஞ்சிருக்கும். ஐஸ்கிரீமுக்குப் பக்கத்துல வெக்கறேன்னு உங்கம்மாகிட்ட மட்டும் முன்கூட்டியே சொல்லிரு.

வர்ற ஞாயித்துக்கெழமை லீவு இருந்தா உடுமலைக்கு வா. புழு மனைக்கு உள்ள உட மாட்டாங்க, வலைக்கு வெளிய நின்னு பாத்துக்கலாம். திரும்பி வர்றப்ப குப்பைமேட்டைக் கெளறி உன்னோட பவுடர் புளூவுக்குப் பங்காளி புடிச்சுத் தாரேன், காசு வேண்டாம். டப்பா மட்டும் நீ கொண்டா, மூடியோட.